அந்தப் பழுப்புப் படலம் புகையா, புழுதியா? செயற்கைக்கோள் படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாளாக வானம் பால் கலந்தது போல வெளுத்துக் கிடந்தது. நண்பகலில்கூடச் சூரியன் வெள்ளைத் தட்டாகத் தெரிந்தது. தூரத்துக் கட்டடங்கள் மங்கின. கருகல் வாடை எதுவும் இல்லை, ஆனால் ஜன்னல் விளிம்பில் மெல்லிய பொடி படிந்திருந்தது. செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பார்த்தால் உங்கள் பகுதியின் மேல் வெளிறிய பழுப்பில் ஒரு படலம். காற்று வரும் திசையில் சுமார் 600 கி.மீ. தள்ளித் தீயைக் குறிக்கும் சிவப்புப் புள்ளிகள். எனவே இது காட்டுத்தீப் புகை என்று நீங்கள் முடிவு செய்தீர்கள். உங்கள் நண்பர் பாலைவனப் புழுதி என்று சாதிக்கிறார். படத்தை வைத்தே இதைத் தீர்த்துவிட முடியுமா என்று கேட்கிறீர்கள்.

பார்க்க ஒரு கேள்வி போல இருந்தாலும் இதற்குள் மூன்று இருக்கின்றன. அந்தப் படலம் எதனால் ஆனது? எங்கிருந்து வந்தது? நீங்கள் மூச்சு விடும் உயரத்தில் அது இருக்கிறதா? முதல் கேள்விக்குச் செயற்கைக்கோள் பெரும்பாலும் நல்ல பதில் தரும். இரண்டாவதற்குப் பொறுமையாகத் தேடினால் தரும். மூன்றாவதற்கு அது மட்டும் போதாது. ஆனால் வானம் மங்கும்போது மக்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது அந்த மூன்றாவதைத்தான். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் படங்களைப் பார்த்துப் படலங்களின் எல்லையை வரைவதுதான் என் வேலை. நான் மருத்துவன் அல்ல, எனவே இது உடம்பை என்ன செய்யும் என்ற பக்கம் போகமாட்டேன்.

எல்லோரும் நிறத்தில்தான் தொடங்குகிறோம், அதிகம் ஏமாறுவதும் அதில்தான். புகைத் துகள்கள் மிகச் சிறியவை. பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டரில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பாதியைக்கூட எட்டாது. அந்த அளவுள்ள துகள், சிவப்பு ஒளியைவிட நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும். அதனால் மெல்லிய புகை மேலிருந்து பார்க்கும்போது நீலச் சாயல் ஏறிய சாம்பலாகத் தெரியும். புழுதித் துகள்களோ பல மைக்ரோமீட்டர் அளவு கொண்டவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலச் சிதறடிக்கும். மண்ணில் இருக்கும் இரும்பு ஆக்சைடு நீலத்தில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். எனவே மஞ்சள், பழுப்பு, சில இடங்களில் செம்மை. பாடம் இவ்வளவுதான். நடைமுறையில், அடர்ந்த புகையும் பழுப்பாகத்தான் தெரிகிறது, ஏனென்றால் எரியாமல் புகைந்து வெளிவரும் கரிமச் சேர்மங்களும் நீலத்தை விழுங்குகின்றன. வறண்ட உப்பு ஏரிப் படுகையிலிருந்து எழும் புழுதி வெண்சாம்பலாக இருக்கிறது. ஆக, "பழுப்பாக இருந்தது, அதனால்..." என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் நான் பாதியிலேயே நிறுத்திவிடுவேன்.

பின்புலமும் ஏமாற்றும். இருண்ட காட்டின் மேலோ கடலின் மேலோ இருக்கும் புகை பளிச்சென்று தெரியும். பாலைவனத்தின் மேல் இருக்கும் புழுதி, தன் நிறத்திலேயே உள்ள தரையோடு கலந்து மறைந்துவிடும். பாலைவனத்துக்கு மேல் ஒன்றுமே இல்லாதது போலத் தெரிந்து, கடற்கரையைத் தாண்டிய அடுத்த கணம் கடலின் மேல் பிரம்மாண்டமான புழுதி நாக்கு நீள்வதை ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் வருடாவருடம் பார்க்கலாம். புழுதி கடற்கரையில் பிறக்கவில்லை. அதுவரை நம் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான்.

நிறத்தைவிட நான் அதிகம் நம்புவது படலத்தின் வேரை. உங்கள் தலைக்கு மேல் இருக்கும் பகுதியை விட்டுவிட்டு, காற்று வரும் திசையில் பின்னோக்கிப் போய் அது எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். புகை ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும். கூம்பைப் படுக்க வைத்தது போல, முனையில் கூர்மையாகவும் போகப்போக அகன்றும் இருக்கும். முனையில் தடித்து வெள்ளையாகவும் தெரியும். புழுதி அப்படிக் கிளம்புவதில்லை. ஒன்று, வறண்ட படுகைகளிலிருந்து பக்கத்துப் பக்கத்தில் பல இழைகளாக, சீப்பால் வாரியது போல எழும். இல்லையென்றால் காற்று முகப்பு ஒன்றின் நெடுகிலும் நூற்றுக்கணக்கான கி.மீ. நீளச் சுவராக எழுந்து நகரும். 2021 மார்ச் நடுவில் மங்கோலியாவிலிருந்து கிளம்பி பெய்ஜிங்கை மூடிய புழுதி இரண்டாவது வகை. சாடு நாட்டில் உள்ள போடேலே பள்ளத்திலிருந்து எழுவது முதல் வகை. அங்கே பழைய ஏரி ஒன்றின் அடித்தட்டு காய்ந்து கிடக்கிறது. இரண்டு மலைத்தொடர்களுக்கு இடையே குறுகி வேகம்பிடிக்கும் காற்று அந்தத் தட்டைச் சுரண்டிக்கொண்டே இருக்கிறது. உலகிலேயே மிக அதிகமாகப் புழுதி கிளம்பும் இடங்களில் ஒன்று என்று அதைச் சொல்வது வழக்கம்.

சரி, அந்தச் சிவப்புப் புள்ளிகள். உங்கள் முடிவு முழுக்க அவற்றின் மேல் நிற்கிறது, எனவே அவை எப்படி உருவாகின்றன என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாசாவின் டெரா, அக்வா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியும், சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 ஆகியவற்றில் உள்ள வியர்ஸ் கருவியும் 4 மைக்ரோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு அலைநீளத்தில் தரையைப் பார்க்கின்றன. 300 கெல்வின் (சுமார் 27 டிகிரி செல்சியஸ்) வெப்பத்தில் இருக்கும் சாதாரணத் தரையோடு 1,000 கெல்வின் தீயை ஒப்பிட்டால், அந்த அலைநீளத்தில் தீ நாலாயிரம் மடங்குக்கு மேல் பிரகாசமாக இருக்கும். 11 மைக்ரோமீட்டரில் வித்தியாசம் ஏறக்குறைய 30 மடங்குதான். எனவே ஒரு படப்புள்ளியின் பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு எரிந்தாலே 4 மைக்ரோமீட்டர் படம் காட்டிக்கொடுத்துவிடும். புள்ளி பொதுவாக நம்பத்தக்கது என்பதற்கு இதுதான் காரணம். ஆனால் வியர்ஸின் ஒரு புள்ளி சுமார் 375 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தையும் மோடிஸின் ஒரு புள்ளி சுமார் ஒரு கி.மீ. பக்கமுள்ள சதுரத்தையும் குறிக்கிறது. புள்ளி பெரிதாக வரையப்பட்டிருந்தால் தீ பெரிது என்று பொருளல்ல. எண்ணெய் வயலில் வாயுவை எரிக்கும் சுடரும், உலோக ஆலையும், எரிமலையும்கூடப் புள்ளியாக வரும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இந்தச் செயற்கைக்கோள்கள் ஒரே இடத்தைப் பகலில் பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டியும் இரவில் அதேபோல ஒன்றரை மணியை ஒட்டியும் கடக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. டெரா மட்டும் காலை பத்தரையை ஒட்டிய நேரத்துக்காக அனுப்பப்பட்டது. பிற்பகல் மூன்றரைக்கு மூட்டி ஆறு மணிக்குள் அணைந்துபோன தீ, புள்ளியே இல்லாமல் தப்பிவிடும். கனத்த மேகத்துக்குக் கீழே எரிவதும் தப்பும். ஆக, புள்ளி இருந்தால் அங்கே சூடான ஏதோ இருந்தது என்பது ஏறக்குறைய உறுதி, புள்ளி இல்லாவிட்டால் தீ இல்லை என்பது உறுதியல்ல. உங்களுக்கு இதைவிட முக்கியமானது இன்னொன்று: புள்ளி இருப்பதால் மட்டும் உங்கள் தலைக்கு மேல் இருப்பது அதன் புகை என்று ஆகிவிடாது. வறண்ட பருவத்தில் எந்தத் திசையில் 600 கி.மீ. போனாலும் எங்காவது சில புள்ளிகள் கிடைக்கும். புள்ளிக்கும் உங்களுக்கும் நடுவில் அறுந்துபோகாத ஒரு தொடர்ச்சியைப் படத்தில் காட்ட முடிந்தால்தான் அது சாட்சி.

புகையையும் புழுதியையும் பிரிக்க நிறத்தைவிட நம்பகமான இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வெப்ப அகச்சிவப்பு. புகைத் துகள் சிறியது, 10 மைக்ரோமீட்டர் நீளமுள்ள அலைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அதனால் கண்ணுக்குத் தெரியும் படத்தில் தடித்த போர்வையாக இருக்கும் புகை, வெப்பப் படத்தில் காணாமல் போய்விடும். புகைக்கு அடியில் எரியும் தீயை மேலிருந்து கண்டுபிடிக்க முடிவதும் இதனால்தான். புழுதி அப்படி மறையாது. அதன் துகள்கள் பெரியவை. அதோடு அதில் உள்ள குவார்ட்ஸ் போன்ற சிலிக்கேட் தாதுக்கள் 11 மைக்ரோமீட்டர் கதிரை 12 மைக்ரோமீட்டர் கதிரைவிட அதிகம் உறிஞ்சுகின்றன. நீராவியும் மெல்லிய பனிமேகமும் இதற்கு நேர்மாறு. எனவே 11-இல் அளந்த வெப்பநிலையிலிருந்து 12-இல் அளந்ததைக் கழித்தால், எதிர்க்குறி வரும் இடம் புழுதியாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். இந்தக் கழித்தலையும் 8.7 மைக்ரோமீட்டரோடு இன்னொரு கழித்தலையும் சேர்த்து நிறம் கொடுத்த படத்தில் புழுதி பளபளக்கும் இளஞ்சிவப்பாகத் தெரியும். ஐரோப்பாவின் மீட்டியோசாட் செயற்கைக்கோள் படங்களுக்காக உருவான முறை இது. இப்போது அமெரிக்காவின் கோஸ், ஜப்பானின் ஹிமவாரி செயற்கைக்கோள் படங்களுக்கும் கிடைக்கிறது. சூரிய ஒளி தேவையில்லை என்பதால் நள்ளிரவிலும் வேலை செய்யும். எனக்குப் பிடித்த படவகை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பிடித்தது என்பதற்காக அதன் ஓட்டைகளை மறைக்கக் கூடாது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் நீராவியின் தடம் புழுதியின் தடத்தை அழித்துவிடும். புழுதி தரையை ஒட்டித் தாழ்வாகப் பரவியிருந்தால் அதன் வெப்பநிலைக்கும் தரையின் வெப்பநிலைக்கும் வித்தியாசம் குறைவு, தடம் மங்கும். மெல்லிய புழுதி கடலுக்கு மேல் ஆயிரக்கணக்கான கி.மீ. பயணம் செய்த பிறகு, பெரிய துகள்கள் உதிர்ந்துபோய், இளஞ்சிவப்பே தெரியாமல் போகலாம். எரிமலைச் சாம்பலும் இதே கழித்தலில் எதிர்க்குறி காட்டும், ஏனென்றால் அதுவும் சிலிக்கேட்தான். ஆக, இளஞ்சிவப்பு தெரிந்தால் புழுதி என்று தைரியமாகச் சொல்லலாம். தெரியவில்லை என்பதால் புழுதி இல்லை என்று சொல்லக் கூடாது.

இரண்டாவது வழி கார்பன் மோனாக்சைடு. ஏதாவது எரியும்போது அது ஏராளமாக வரும். மண் காற்றில் பறப்பதால் வராது. 2017 அக்டோபரில் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோளின் ட்ரோபோமி கருவி, ஏறக்குறைய உலகம் முழுவதற்கும் நாளுக்கு ஒருமுறை இந்த வாயுவின் அளவைத் தருகிறது. உங்கள் பழுப்புப் படலத்தின் வடிவமும் அன்றைய கார்பன் மோனாக்சைடு வரைபடத்தில் உயர்ந்திருக்கும் பகுதியின் வடிவமும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தினால், அது புகை என்பதற்கு அதைவிட வலுவான சான்று படத்திலிருந்து கிடைப்பது அரிது. பொருந்தாவிட்டால் புகை என்ற வாதம் பெரிதும் பலவீனமாகிவிடும். இதில் ஒரே எச்சரிக்கை: இந்த வாயு காற்றில் வாரக்கணக்கில் தங்கும், பெருநகரங்களும் அதை வெளிவிடும். எனவே எண்ணை மட்டும் பார்க்காமல் வடிவத்தைப் பாருங்கள்.

புற ஊதா ஏரோசால் (காற்றில் மிதக்கும் நுண்துகள்) குறியீடு என்ற ஒன்றையும் செயற்கைக்கோள் படத் தளங்களில் பார்த்திருப்பீர்கள். 1978-இல் ஏவிய நிம்பஸ்-7 செயற்கைக்கோளின் டாம்ஸ் கருவியிலிருந்து தொடங்கும் நீண்ட வரலாறு அதற்கு உண்டு. பாலைவனத்தின் மேலும் மேகத்தின் மேலும்கூடப் படலத்தைக் காட்டும் என்பது அதன் பலம். ஆனால் புற ஊதாவை விழுங்கும் எதையும் அது நேர்க்குறியாகக் காட்டும். புகையும் விழுங்கும், புழுதியும் விழுங்கும். உங்களுக்கும் நண்பருக்கும் இடையிலான வழக்கைத் தீர்க்க அது உதவாது. மேலே இருக்கும் படலத்தைப் பெரிதாகவும் தரையை ஒட்டியதைச் சிறிதாகவும் காட்டும் குணமும் அதற்கு உண்டு.

இதுவரை சொன்னதெல்லாம் ஒற்றைப் படத்தை வைத்து. இனி அசையும் படம். பூமத்திய ரேகைக்கு மேல் 35,786 கி.மீ. உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுழன்று ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள், தங்களுக்குத் தெரியும் பாதிப் பூமியையும் 10 அல்லது 15 நிமிடத்துக்கு ஒருமுறை படம் எடுக்கின்றன. அமெரிக்கக் கண்டங்களுக்குக் கோஸ், கிழக்கு ஆசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஹிமவாரி, ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மீட்டியோசாட். ஒரு படத்தில் மேகமா, புகையா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது, இருபது படங்களை ஓடவிட்டால் அரை நிமிடத்தில் தெளிந்துவிடும். மேகம் பிறந்து, வளர்ந்து, கலையும். புகையும் புழுதியும் நழுவிப்போகும், நீளும், மெலியும், ஆனால் தங்கள் உருவத்தை நெடுநேரம் வைத்திருக்கும். கருவியின் நுணுக்கத்தில் இவை, டெரா, அக்வா போலத் துருவங்களின் மேலாகத் தாழ்வாகச் சுற்றிவரும் செயற்கைக்கோள்களுக்குப் பின்தங்கியவைதான். இருந்தாலும் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால், கூர்மையான ஒரு படத்தைவிட மங்கலான ஐம்பது படங்களைத்தான் நான் கேட்பேன்.

அந்த அசையும் படத்திலும் ஒரு பொறி இருக்கிறது. அதில் நானே விழுந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, காலைப் படத்தில் கடலோரம் முழுக்கத் தடித்த படலம் தெரிந்தது. பக்கத்தில் சில தீப்புள்ளிகளும் இருந்தன. "கடும் புகை" என்று எல்லை வரைந்து அனுப்பிவிட்டேன். நண்பகலில் படலம் பாதியாகிவிட்டது. காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்று அதற்கும் விளக்கம் எழுதினேன். மாலையில் அதே இடத்தில் அதே படலம் மறுபடியும் "வந்துவிட்டது". மூத்தவர் ஒருவர் எதுவும் பேசாமல் சூரியனின் கோணத்தைப் படத்தின் ஓரத்தில் எழுதிக் காட்டினார். சிறு துகள்கள் ஒளியை முன்னோக்கித்தான் அதிகம் சிதறடிக்கும். சூரியன் அடிவானத்தை ஒட்டியிருக்கும்போது சிதறிய ஒளி செயற்கைக்கோளின் பக்கமாக வரும், நண்பகலில் அதற்கு எதிர்ப்பக்கம் போகும். படலம் எங்கும் போகவில்லை, வரவுமில்லை. அது கடும் புகையும் இல்லை, ஈரமான காற்றில் ஊதிப்போன சாதாரண மங்கல்தான். அன்றிலிருந்து காலைப் படத்தையும் நண்பகல் படத்தையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுப் "புகை கூடியது, குறைந்தது" என்று சொல்வதை விட்டுவிட்டேன். இன்று பத்து மணியோடு நாளைப் பத்து மணியை ஒப்பிடுங்கள்.

எங்கிருந்து வந்தது என்ற இரண்டாவது கேள்விக்கு, படங்களைப் பின்னோக்கி ஓடவிடுவதுதான் முதல் வேலை. மேகம் குறுக்கே வந்து தொடர்ச்சி அறுந்துபோனால் காற்றோட்டத்தைக் கணக்கிடும் கணினி மாதிரிகள் கைகொடுக்கும். அமெரிக்காவின் நோவா அமைப்பு இலவசமாகத் தரும் ஹைஸ்ப்ளிட் என்ற மாதிரியில் உங்கள் இடத்தையும் நேரத்தையும் கொடுத்தால், அந்தக் காற்று முந்தைய நாட்களில் எந்த வழியாக வந்தது என்று கோடு போட்டுக் காட்டும். அழகான கோடு. அதனால்தான் ஆபத்து. 500 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு, 1,500-க்கு ஒன்று, 3,000-க்கு ஒன்று என்று மூன்றையும் போட்டுப் பாருங்கள். மூன்றும் ஒரே திசையிலிருந்து வந்தால் நம்பலாம். ஒன்று வடக்கிலிருந்தும் ஒன்று மேற்கிலிருந்தும் வந்தால், படலம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரியாமல் மூலத்தைச் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியதில் "காற்று வரும் திசை" என்பது தரையில் நீங்கள் உணர்ந்த காற்று என்று நினைக்கிறேன். இரண்டு கி.மீ. மேலே அது முற்றிலும் வேறு திசையில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

தூரத்தைப் பார்த்து "அவ்வளவு தொலைவிலிருந்து வருமா" என்று தள்ளிவிடவும் கூடாது. சஹாராவிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 18 கோடி டன் அளவுக்குப் புழுதி மேற்கே அட்லாண்டிக்குக்குள் போகிறது, அதில் சுமார் 2.8 கோடி டன் அமேசான் படுகையில் படிகிறது என்று 2007 முதல் 2013 வரையிலான செயற்கைக்கோள் அளவீடுகளை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் ஆஸ்திரேலியக் காட்டுத்தீயின் வெப்பமே இடிமேகங்களை உருவாக்கி, மழையும் மேகமும் உருவாகும் அடுக்குக்கு மேலே இருக்கும் அடுக்கு மண்டலத்துக்குள் புகையைத் தள்ளியது. அதில் ஒரு பகுதி சுமார் 1,000 கி.மீ. அகலச் சுழலாகத் திரண்டு, சூரிய வெப்பத்தை உறிஞ்சித் தானே மேலேறி 35 கி.மீ. உயரம்வரை போனது. இவற்றோடு ஒப்பிட்டால் 600 கி.மீ. என்பது அடுத்த தெரு.

இனி அந்த மூன்றாவது கேள்வி. நாம் பார்க்கும் படம் பெரும்பாலும் தட்டையானது. செயற்கைக்கோளுக்கும் தரைக்கும் நடுவில் உள்ள அத்தனை துகள்களையும் ஒன்றாக நசுக்கி ஒரே தாளில் காட்டுகிறது. அந்தத் துகள்கள் உங்கள் மூக்கருகே இருந்தாலும் நான்கு கி.மீ. மேலே இருந்தாலும் படம் ஒன்றுபோலத்தான் இருக்கும். இதற்கு இரண்டு நாட்களை உதாரணமாகச் சொல்வேன். 2020 செப்டம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பகலிலேயே வானம் அடர் ஆரஞ்சாகி, தெருவிளக்குகள் எரிந்தன. ஆனால் கடலிலிருந்து வந்த குளிர்ந்த காற்றடுக்கு தரையை ஒட்டி நின்றதால் புகையின் பெரும்பகுதி அதன் மேலேயே தங்கியது. வானம் காட்டிய அளவுக்கு அன்று தரைக்காற்று கெடவில்லை. பின்வந்த நாட்களில்தான் மோசமானது. 2023 ஜூன் 7 அன்று நியூயார்க்கிலும் வானம் ஆரஞ்சானது. கியூபெக் காட்டுத்தீப் புகை அங்கே தரைவரை இறங்கியிருந்தது, காற்றுத்தர அளவீடுகள் அபாய நிலையைத் தாண்டின. வெளியே நின்று பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒரே காட்சி.

உயரத்தை நேரடியாக அளக்கும் கருவிகள் இல்லாமல் இல்லை. 2006-இல் ஏவப்பட்டு 2023 வரை வேலை செய்த காலிப்சோ, லேசர் துடிப்பைக் கீழே அனுப்பி, திரும்பிவரும் ஒளியை வைத்துப் படலத்தைச் செங்குத்தாக வெட்டிக் காட்டியது. கோணல்மாணலான புழுதித் துகள் லேசர் ஒளியின் முனைவாக்கத்தை, அதாவது ஒளி அலை ஒரே திசையில் அதிரும் ஒழுங்கை, குலைத்துவிடும். உருண்டையான புகைத் துகள் பெரும்பாலும் குலைக்காது. எனவே உயரத்தோடு வகையையும் அதனால் சொல்ல முடிந்தது. 2024 மே மாதம் ஏவிய எர்த்கேர் இப்போது அந்த வேலையைச் செய்கிறது. சிக்கல் என்னவென்றால், இவை கத்திக்கீறல் போல ஒரு மெல்லிய கோட்டின் நெடுகில் மட்டுமே பார்க்கும். அந்தக் கோடு உங்கள் படலத்தின் மேல் அதே நாளில் போனால் அதிர்ஷ்டம். போகாவிட்டால் மாதிரிகள் தரும் ஊகம்தான்.

ஒளியியல் தடிமன் என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. படலம் சூரிய ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு அது. பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் தெளிந்த வானம், ஒன்றைத் தாண்டினால் நன்றாக மங்கிய வானம். தரையிலிருந்து சூரியனை நோக்கி அளக்கும் ஏரோநெட் நிலையங்களோடு ஒப்பிட்டுப் பல்லாண்டுகளாகச் சரிபார்த்த எண் என்பதால் அதன்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த வரைபடத்தில் வெற்றிடமாக விட்ட பகுதிகளைப் "படலம் இல்லை" என்று படித்துவிடாதீர்கள். மேகத்தைக் கழிக்கும் நிரல், மிக அடர்ந்த புகையையும் மேகம் என்று நினைத்துக் கழித்துவிடுவது வாடிக்கை. ஆக, வரைபடத்தில் ஓட்டையாகத் தெரியும் இடம் சில சமயம் புகை மிக மோசமாக இருக்கும் இடமே.

இந்த இடத்தில் வானத்தை விட்டுத் தரைக்கு வருவதுதான் நேர்மை. உங்களுக்கு அருகில் ஏதாவது காற்றுத்தர நிலையம் இருந்தால் பிஎம் 2.5, பிஎம் 10 என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்கள், இரண்டாவது 10-க்கு உட்பட்டவை அனைத்தும். புகை என்றால் பிஎம் 10-இல் பெரும்பகுதி பிஎம் 2.5-ஆகவே இருக்கும், இரண்டு எண்களும் நெருங்கி நிற்கும். புழுதி என்றால் பிஎம் 10 எகிறிவிடும், பிஎம் 2.5 அதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ இருப்பது வழக்கம். இரண்டுமே எப்போதும்போல இருந்து வானம் மட்டும் மங்கியிருந்தால் படலம் மேலே மிதக்கிறது என்று பொருள். ஒரு கவனம் தேவை: வீட்டில் மாட்டும் மலிவான லேசர் உணரிகள் பெரிய துகள்களைச் சரியாக எண்ணுவதில்லை. அவை காட்டும் பிஎம் 10 பெரும்பாலும் சிறு துகள்களிலிருந்து ஊகித்த எண். புழுதி நாளில் அவற்றை நம்பி "பிஎம் 10 குறைவு, எனவே புழுதி இல்லை" என்று முடிவு செய்தால் தப்பாகிவிடும்.

உங்கள் வழக்குக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன தடயங்களில் எனக்கு அதிகம் பேசுவது ஜன்னல் விளிம்பில் படிந்த பொடி. புகைத் துகள்கள் அவ்வளவு எளிதில் கீழே விழா, நாட்கணக்கில் மிதக்கும். பக்கத்தில் தீ எரிந்தால் கரித்துணுக்கும் சாம்பலும் விழும், 600 கி.மீ. தொலைவுக்கு அவை வந்துசேர்வது கடினம். இரண்டு நாளில் விரலில் ஒட்டும் அளவுக்குப் பொடி படிந்தது என்றால் பெரிய துகள்கள் தரைவரை வந்திருக்கின்றன. சூரியன் செம்மையாகாமல் வெள்ளைத் தட்டாகத் தெரிந்ததும் அதே பக்கம்தான் சாய்கிறது. சிறு துகள் நிறைந்த புகை நீலத்தை வடிகட்டிச் சூரியனைச் சிவப்பாக்கும், பெரிய துகள் எல்லா நிறத்தையும் ஒன்றுபோல மங்கவைக்கும். கருகல் வாடை இல்லாததை நான் அவ்வளவாகக் கணக்கில் எடுக்கமாட்டேன். பல நாள் பயணித்த பழைய புகையிலும் வாடை குறைந்துவிடும். ஆக, தரையில் இருந்தது முக்கியமாகப் புழுதி என்ற உங்கள் நண்பரின் பக்கமே நான் சாய்கிறேன். பொடி உள்ளூர் மண்ணாகவும் இருக்கலாம், பாலைவனம்வரை போக வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் உழுத நிலமோ கட்டுமானமோ இருந்து காற்று பலமாக அடித்திருந்தால் அதுவும் போதும். மேலே ஓர் அடுக்குப் புகையும் சேர்ந்தே இருந்திருக்கலாம். ஒரே காற்று தீயையும் ஊதும், மண்ணையும் கிளப்பும் என்பதால் இரண்டும் கலந்து வருவது ஒன்றும் அதிசயமல்ல. அப்படிக் கலந்த படலத்தில் எது எத்தனை பங்கு என்று படத்தை வைத்துச் சொல்கிறேன் என்று யாராவது வந்தால் நான் நம்பமாட்டேன்.

நான் சொன்னது தவறு என்று காட்ட நீங்கள் செய்யக்கூடியது இது. நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் அந்த இரண்டு தேதிகளுக்கும் முந்தைய இரண்டு தேதிகளுக்கும் போங்கள். உண்மை நிறப் படத்தில் படலத்தின் வேரைத் தேடுங்கள். கார்பன் மோனாக்சைடு வரைபடத்தை அதே தேதிக்கு எடுத்து வடிவம் பொருந்துகிறதா என்று பாருங்கள். உங்கள் பகுதியைப் பார்க்கும் புவிநிலைச் செயற்கைக்கோளின் புழுதிப் படத்தை இரவு நேரத்துக்கு ஓடவிட்டு, இளஞ்சிவப்பு எதுவும் நகர்ந்து வருகிறதா என்று பாருங்கள். கார்பன் மோனாக்சைடு பொருந்தி, இரவில் இளஞ்சிவப்பு தெரியாமல், நிலையத்தின் இரண்டு எண்களும் நெருங்கி நின்றால், உங்கள் நண்பர் தோற்றார், கூடவே நானும். தேதியையும் இடத்தையும் எழுதினால் நானே எடுத்துப் பார்த்துச் சொல்கிறேன். அந்தப் பொடியை மட்டும் துடைத்துவிடாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் கொஞ்சம் தட்டி எடுத்து, உருப்பெருக்கி ஒன்றால் பாருங்கள். கண்ணாடி மணல் போல மினுங்குகிறதா, கரிபோல மங்கிக் கிடக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.